பாப்ளார் மரத்துக்கு மேலே தொண்ணூற்றாறு மீட்டர்

கலாட்ஸ் நகரில், டான்யூபுக்கு நாலு தெரு தள்ளி,
சி-நான்கு கட்டடத்தின் மாடிப்படிக் குடலுக்குள்
ஏணி போட்டு நிற்கிறேன்.
கையில் வெட்டுக்கத்தரி. சட்டைப்பையில் உத்தரவு:
செத்த கம்பிகள் அனைத்தையும் மாலைக்குள் அகற்றவும்.

எது செத்தது என்று உத்தரவில் இல்லை.

முதலில் தொலைபேசிச் செம்பு. இரண்டே இழை.
இதற்கு எப்போதும் ஓர் அவசரமும் கிடையாது.
பரிமாற்றகம் பக்கத்தில் இருந்தால் பேசும்,
மூன்று கிலோமீட்டர் தாண்டினால் முனகும்,
மழை பெய்தால் மூக்கடைக்கும்.
ஒரு படம் இறங்குவதற்குள்
சூப் கொதித்து, ஆறி, குடித்தும் முடித்துவிடலாம்.
ஆனால் ஊரே இருண்ட இரவுகளில்
தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சுமந்து வந்து
மணியடித்தது இது ஒன்றுதான்.
கொஞ்சம் மரியாதையாகவே நறுக்கினேன்.

அடுத்து கோ-ஆக்சியல். தடித்த ஆள்.
டிவிக்கென்று பிறந்து
நடுவயதில் இன்டர்நெட் வேலைக்கு மாறியவன்.
கறுப்புத் தோல், உள்ளே செம்பு வலை,
அதற்குள் வெள்ளை நுரை, நுரைக்குள் ஒற்றைக் கம்பி;
வெங்காயம் போல உரிக்க வேண்டும், கண்ணீர் மட்டும் வராது.
பகலெல்லாம் பாய்வான்.
இரவு ஒன்பதுக்குத் தெரு மொத்தமும்
ஒரே குழாயில் வாய் வைக்கும்.
பிறகு யாருக்கும் தாகம் தீராது.

ஃபைபரை நான் தொடக் கூடாது; அதுதான் உயிரோடிருப்பது.
போன வருடம் வீடு வீடாக ஏற்றியவளும் நானே.
முடியைவிட மெல்லிய கண்ணாடி,
அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்.
இடிக்கு அஞ்சாது, தூரத்துக்கு அசராது,
சற்றே அதிகமாய் மடக்கினால் கோபித்துக்கொண்டு போய்விடும்.
மார்ச்சில் ஒரு துணுக்கு என் விரலில் ஏறியது.
இன்றும் மாவு பிசையும்போது
சுருக்கென்கிறது எங்கோ.

படிக்கட்டின் அடியில், பிஸ்கட் டப்பாவுக்குள்
ஒரு பழைய ஸ்விட்ச்.
எட்டு விளக்கு. ஆறு இருட்டு.
இரண்டு, பச்சையாய்ச் சிமிட்டிக்கொண்டு.

இரண்டாயிரத்து மூன்றில் பேட்டைப் பையன்கள் இழுத்த ஈதர்நெட்,
கூரையிலிருந்து கூரைக்கு, ஒருவரையும் கேட்காமல்.
நூறு மீட்டருக்கு மேல் அதற்கு மூச்சு வாங்கும்.
ஒவ்வொரு இடிமழைக்கும் ஒரு ஸ்விட்ச் பலி.
வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம்…
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எட்டையும் ஒப்பிப்பேன்;
கணவரின் பிறந்தநாள்தான் மறக்கும்.

பிடுங்கினேன்.

நான்காம் மாடிக் கதவு திறந்தது.
"பகடை உருளும்போது எவன் அது?"
டிபேரியு ஸ்டோய்கா. உருக்காலையில் கிரேன் ஓட்டியவர்.
எதிரே சி-ஏழில் ஒலிம்பியா.
தினமும் ஐந்து மணிக்கு, இருபது வருடமாக,
இந்தக் கம்பி வழியே பேக்கமன்.
நாற்பத்தொரு ஆட்டம் பின்தங்கியிருக்கிறாராம்.
நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்.

"உங்கள் வீட்டில் ஃபைபர் இருக்கிறதே,
நான்தானே போட்டேன்?"

"அது புக்கரெஸ்ட் போய்த் திரும்பும், இலின்கா.
இது ஒரு மரத்தைத் தாண்டும், அவ்வளவுதான்."

"வித்தியாசம் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை, ஐயா."

"நேரத்தை யார் கேட்டது?
ஜன்னலில் நின்றால் இது எங்கே போகிறதென்று தெரியும்."

கூரைக்கு ஏறிப் பார்த்தேன்.
பாப்ளாருக்கு மேல் தொய்ந்து கிடந்தது.
வெடித்த உறைக்கு மூன்று நிறத்தில் டேப்,
மூன்று வெவ்வேறு குளிர்காலங்கள்.
நடுவில் ஒரு காகம் பாரம் பார்த்துக்கொண்டிருந்தது.
கருவியை மாட்டினேன்: தொண்ணூற்றாறு மீட்டர்.
இன்னும் நாலு மீட்டர் பாக்கி.

படிவத்தின் ஏழாம் வரி: கம்பியின் வகை?
துணிக்கொடி என்று எழுதினேன்.
அகற்றத் தேவையில்லை.

கீழே வந்து முனையைச் செருகிய மறு நிமிடம்
மாடியிலிருந்து கிரேன் ஓட்டுபவரின் கெட்ட வார்த்தை ஒன்று
படிப்படியாய் இறங்கி வந்தது.
ஒலிம்பியாவுக்கு இரட்டை ஆறு விழுந்திருக்க வேண்டும்.